சம்மர் டிரெஸ்ஸோட வெள்ளை ஸ்னீக்கர் செட் ஆகலையா? எங்க இடிக்குதுன்னு பார்த்து சரி பண்ணலாம் வாங்க

வெள்ளை ஸ்னீக்கர் எதுக்கு வேணா செட் ஆகும்னு எல்லாரும் சொல்றாங்க, ஓரளவு நிஜம்தான், ஆனா நம்ம ஊர் வெயில்ல நம்ம காட்டன் டிரெஸ்ஸோட போட்டுப் பார்க்கறப்போ நிறைய பேருக்கு ஏதோ இடிக்குது, என்னன்னு சொல்லத் தெரியாம உடனே ஷூவை மாத்தலாமான்னு ஆரம்பிச்சிடறாங்க. கேக்கறவங்களுக்கெல்லாம் நான் சொல்றது ஒண்ணுதான். ஷூவுல தப்பு இருக்கறது ரொம்ப கம்மி, டிரெஸ்ஸோட அடி ஓரம் கால்ல எந்த இடத்துல வந்து நிக்குது, சாக்ஸ் எவ்ளோ தெரியுது, பெரும்பாலும் இந்த ரெண்டுலதான் விஷயமே இருக்கு. அதனால புது ஜோடி ஆர்டர் போடறதுக்கு முன்னாடி கீழ உங்க சிக்கல் எதுன்னு தேடிப் பாருங்க. சென்னையை மனசுல வச்சு எழுதறேன், ஊட்டி கொடைக்கானல் ஆளுங்க வேர்வை மேட்டரையெல்லாம் தாண்டிப் போயிடலாம்.

எதுக்கும் முன்னாடி ஒழுங்கா ஒரு தடவை பாருங்க. பீரோ கண்ணாடி முன்னாடி நின்னா பாதம் தெரியாது, பின்னாடி தள்ளிப் போனா கட்டில் இடிக்கும், அதனால போனை டைமர் போட்டு வச்சு போட்டோ எடுங்க. தரையில செம்பு மேல சாய்ச்சு வைக்காதீங்க, கேமராவுக்குப் பக்கத்துல இருக்கறது பெருசா விழும், கீழ இருந்து எடுத்தா எந்த ஷூவும் பூதமாத்தான் தெரியும். இடுப்பு உயரத்துல ஒரு ஸ்டூல் மேல வச்சு ஏழெட்டு அடி தள்ளி நின்னு எடுங்க. "ஷூ ரொம்ப பெருசா இருக்குப்பா"ன்னு புலம்பறவங்கள்ல சில பேருக்கு இதுலயே பிரச்சனை முடிஞ்சிடும்.

கால் குட்டையா, குண்டா தெரியுது

அதிகமா வர்ற புகார் இதுதான். கடையில விக்கற மிடி டிரெஸ் நிறைய கெண்டைக்கால்ல எங்க சதை அதிகமோ கரெக்டா அங்க வந்து நிக்குது. ஹீல்ஸ் போட்டா குதிகால் தூக்கும், கால் நீளமாகும், கண்ணு அதைக் கவனிக்காது. ஸ்னீக்கர் தட்டை, அதோட கணுக்கால் கிட்ட ஒரு வெள்ளைக் கோடு வேற போட்டு காலை அங்கயே வெட்டிடுது, ஆக மேல ஒரு கோடு கீழ ஒரு கோடு, நடுவுல கொஞ்சூண்டு கால், அதுவும் இருக்கறதுலயே அகலமான பாகம். வேற எப்படித் தெரியும்?

டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு ஷூவையும் மாட்டிக்கிட்டு அடி ஓரத்தை உள்பக்கமா மடிச்சு சேஃப்டி பின் குத்திப் பாருங்க, ஒரு இன்ச்சு, அப்புறம் ரெண்டு இன்ச்சுன்னு. முட்டிக்குக் கீழ சதை ஆரம்பிக்கற இடத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு நல்ல இடம் இருக்கு, அதே மாதிரி சதையெல்லாம் முடிஞ்சு கால் ஒல்லியாகி கணுக்காலுக்கு நாலு விரல் மேல இன்னொரு நல்ல இடம். இந்த ரெண்டுல எதுக்கு உங்க டிரெஸ் பக்கமோ அதுக்குக் கொண்டு போங்க. ஒரு இன்ச்சுல இவ்ளோ வித்தியாசமான்னு உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்.

அளவு முடிவாயிடுச்சுன்னா டெய்லர் கிட்ட போறதுக்கு முன்னாடி டிரெஸ்ஸை ஒரு தடவை தண்ணில நனைச்சு காய வச்சிடுங்க, ரேயான்னா இது கட்டாயம், முதல் அலசல்லயே நல்லா சுருங்கும், வெட்டினதுக்கு அப்புறம் சுருங்குச்சுன்னா டிரெஸ் டாப் ஆயிடும். அப்புறம் அம்பர்லா கட்டா இருந்தா "ரெண்டு இன்ச்சு அப்படியே மடிச்சு அடிச்சிடுங்கண்ணா"ன்னு சொல்லாதீங்க, வட்டமான துணியில கீழ் சுற்றளவு பெருசு, மேல சின்னது, அகலமா மடிச்சா உள்ள துணி மிச்சமாகி சுருக்கம் சுருக்கமா நிக்கும். வெட்டிட்டு அரை இன்ச்சு, முடிஞ்சா அதை விட சன்னமா மடிச்சுத் தைக்கச் சொல்லுங்க. நேர் கட்டா இருந்தா எவ்ளோ வேணா மடிக்கலாம், கவலையே இல்ல.

சுங்குடி, கலம்காரின்னு அடியில பார்டர் வர்ற துணியில தைச்ச டிரெஸ்ஸா? அப்போ கீழ கத்திரிக்கோல் வைக்கவே கூடாது. இடுப்பு ஜாயின்ட்டைப் பிரிச்சு மேல இருந்து எடுக்கணும். அது பெரிய வேலைன்னு டெய்லர் அண்ணா முகம் சுளிச்சா, சின்னப் புள்ளைங்க பட்டுப்பாவாடையில வளர வளரப் பிரிச்சு விடறதுக்குன்னு டக்கு பிடிப்பாங்கல்ல, அதே மாதிரி பார்டருக்கு மேல ரெண்டு டக்கு பிடிக்கச் சொல்லுங்க, உயரமும் குறையும், பார்க்க டிசைன் மாதிரியும் இருக்கும். டெய்லருக்கெல்லாம் நேரமில்ல, இன்னைக்கே போடணும்னா இடுப்புல ஒரு பெல்ட் கட்டி அதுக்கு மேல துணியைக் கொஞ்சம் இழுத்து விட்டு உப்பலா விட்டுடுங்க, ரெண்டு மணி நேரம் தாங்கும், அதுக்கப்புறம் இறங்கிடும், அப்பப்போ இழுத்து விட்டுக்கணும்.

ஸ்கூல் பி.டி. பீரியட் ஞாபகம் வருது

இந்தச் சிக்கல் நமக்கு ரொம்பவே ஸ்பெஷல். வெளிநாட்டு ஃபேஷன் போட்டோவுல வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டா பீச் ஹாலிடே ஃபீல் வரும், நமக்கு வர்றது முதல் நாள் ராத்திரி ஷூவுக்கு ஒயிட் பாலிஷ் அடிச்ச ஞாபகம், பாலிஷ் தீர்ந்துடுச்சுன்னா சாக்பீஸ் தேய்ச்ச ஞாபகம். சும்மாவா, பாட்டா கம்பெனியோட அந்த வெள்ளை டென்னிஸ் ஷூ 1936லயே இந்தியாவுல பசங்க பி.டி. கிளாஸுக்குன்னு வந்தது, தலைமுறை தலைமுறையா மனசுல பதிஞ்சிருக்கு. நேவி ப்ளூ, மெரூன், பாட்டில் க்ரீன்ல பிளெய்னா ஒரு ஃப்ராக், அதுக்கு ஒரு காலர், கீழ வெள்ளை கேன்வாஸ், எட்டிப் பார்க்கற வெள்ளை சாக்ஸ், இவ்ளோ சேர்ந்தா எங்க சித்தி மட்டுமில்ல, யாரா இருந்தாலும் "என்னடி, அசெம்ப்ளிக்கு லேட்டா?"ன்னுதான் கேப்பாங்க.

நாலுல ரெண்டை உடைச்சாப் போதும். சாக்ஸை மறைச்சிடுங்க, அது முதல் வேலை. அடுத்தது ஒண்ணு பிரிண்ட் போட்ட டிரெஸ்ஸுக்கு மாறுங்க, இல்ல கேன்வாஸுக்கு பதிலா வழவழன்னு இருக்கற லெதர் டைப்புக்கு மாறுங்க. கேன்வாஸ்தான் இருக்குன்னா லேஸை மட்டும் கழட்டி க்ரீம் கலர் லேஸ் போட்டுப் பாருங்க, அம்பது அறுபது ரூபா சமாச்சாரம். அடி சோல் பழுப்பு ரப்பரா இருந்தாலும் அந்த யூனிஃபார்ம் களை போயிடும்.

ஷூ மட்டும் தனியா பளிச்சுனு தெரியுது

வெள்ளைன்னா ஒரே வெள்ளை இல்ல. புது ஸ்னீக்கர்ல வர்ற அந்தக் கண்ணைப் பறிக்கற வெள்ளைக்குள்ள கொஞ்சம் நீலம் இருக்கும், பிரைட்னர்னு ஒரு கெமிக்கல் சேர்ப்பாங்க, அது வெயில்ல இருக்கற அல்ட்ரா வயலட்டை வாங்கி நீல வெளிச்சமாத் திருப்பி விடும், அதனாலதான் ரூமுக்குள்ள சாதாரணமா இருந்த ஷூ வெளிய வந்ததும் பளீர்னு எரியும். கலம்காரி, கோரா காட்டன், லினன் இதோட வெள்ளையெல்லாம் பால் ஏடு கலர், பக்கத்துல வச்சா ஒண்ணு அழுக்காத் தெரியும் இல்ல இன்னொண்ணு புதுசா வாங்கினதைக் காட்டிக்கற மாதிரித் தெரியும்.

மண் கலர், கடுகு மஞ்சள், இண்டிகோ, மெரூன் டிரெஸ்ஸே அதிகம் வச்சிருக்கறவங்க வாங்கறப்பவே ஆஃப் ஒயிட் ஷூ வாங்கிடறது உத்தமம். ஏற்கனவே பளீர் வெள்ளை வாங்கியாச்சுன்னா அந்த வெள்ளையை மேல இன்னொரு இடத்துல கொண்டு வாங்க, வெள்ளைத் துணிப் பை, வாட்ச் ஸ்ட்ராப், முத்துத் தோடு எதுவா இருந்தாலும் சரி. தலையில ரெண்டு முழம் மல்லிகைப்பூ வச்சாலும் அதே வேலையைத்தான் பண்ணும், பூவும் ஸ்னீக்கரும் சேராதுன்னு யார் சொன்னது, எனக்குத் தெரிஞ்சு அதை விட அழகான காம்பினேஷன் இல்ல.

ஷூ கனமா, டிரெஸ் காத்துல பறக்கற மாதிரி

சோல் தடிமனுக்கும் துணி கனத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. நைக்கியோட ஏர் ஃபோர்ஸ் ஒன் 1982ல பாஸ்கெட்பால் ஆடறதுக்குன்னு வந்த ஷூ, தடி சோலோட அந்த உருவம் அதுக்குத்தான். அடிடாஸோட ஸ்டான் ஸ்மித் டைப் டென்னிஸ் ஷூ, மெல்லிசா இருக்கும். மல்மல் மாதிரி மெல்லிய துணிக்கு ரெண்டாவது ரகம், டெனிம், தடி லினன், பாப்ளின் டிரெஸ்ஸுக்கு முதல் ரகம். அவ்ளோதான் இதுல.

சாக்ஸ் எட்டிப் பார்க்குது, இல்லன்னா உள்ள போய் சுருண்டுக்குது

கணுக்கால் சாக்ஸ்னு விக்கறது ஸ்னீக்கருக்கு மேல அரை இன்ச்சு தெரியும், அது வேணும்னே தெரியற மாதிரியும் இல்லாம மறைஞ்ச மாதிரியும் இல்லாம ரெண்டுங்கெட்டானா இருக்கும். வேணும்னே தெரியணும்னா நல்லா ரெண்டு மூணு இன்ச்சு மேல ஏத்தி ரிப் சாக்ஸ் போடுங்க, அதுவும் முட்டிக்கு மேல நிக்கற டிரெஸ்ஸுக்கு மட்டும். மத்ததுக்கெல்லாம் ஷூவுக்கு வெளிய தெரியாத நோ ஷோ சாக்ஸ். வாங்கறப்போ குதிகால் உள்பக்கத்துல ரப்பர் மாதிரி சிலிக்கோன் பட்டை இருக்கான்னு விரலை விட்டுத் தடவிப் பாருங்க, ஒரே ஒரு மெல்லிசு கோடுதான் இருக்குன்னா நாலு தடவை துவைச்சா பிடிமானம் போயிடும், அகலமா இருக்கணும். கூடவே சைஸ், ஃப்ரீ சைஸ்னு போட்டிருக்கறது அஞ்சு நம்பர் காலுக்கும் எட்டு நம்பர் காலுக்கும் எப்படிங்க ஒரே மாதிரி நிக்கும்?

அந்த சாக்ஸே வேணாம், வெறுங்காலோட போடறேன்னு சொல்றவங்க இருக்கீங்க. சென்னைல ஏப்ரல் மே மாசம் வேர்வை காயவே காயாது, காத்துலயே அவ்ளோ ஈரம். வேர்வைக்குன்னு தனியா நாத்தம் கிடையாது, அதைத் தின்னுட்டு பாக்டீரியா பண்ற வேலைதான் அது, ஈரமான ஷூவை மறுநாளும் போட்டா அதுங்களுக்குக் கொண்டாட்டம். ஒரு நாள் போட்டா ஒரு நாள் லீவு விடுங்க, உள்ள இருக்கற இன்சோலை உருவித் தனியா காத்துல போடுங்க, ஷூவுக்குள்ள நியூஸ் பேப்பரைக் கசக்கித் திணிங்க, ரொம்ப மோசம்னா ராத்திரி ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா தூவி வச்சுட்டு காலைல தட்டிடுங்க. குதிகால்ல கொப்புளம் வருதுன்னா அது பெரும்பாலும் ஷூ மேலயும் கீழயும் நழுவறதால வர்றது, மேல சும்மா இருக்கற கடைசி ஓட்டைல லேஸை ஒரு சின்ன வளையமா விட்டு, எதிர்பக்க லேஸை அதுக்குள்ள நுழைச்சு இழுத்துக் கட்டுங்க, குதிகால் கச்சிதமா உக்காந்துக்கும். அப்புறம் ஷூ வாங்கறது சாயங்காலமா இருக்கட்டும், நாள் பூரா நடந்து கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், அந்த அளவுக்கு வாங்கறதுதான் சரி.

நடக்க நடக்க டிரெஸ் கால்ல ஒட்டுது

துணிப் பிரச்சனை இது. ரேயான், பாலியெஸ்டர் க்ரேப் ரெண்டும் வேர்வை பட்டா தொடையோட ஒட்டிக்கும். உள்ள மல்மல் காட்டன்ல ஒரு ஸ்லிப், இல்ல பழைய காட்டன் உள்பாவாடையைக் குட்டையா வெட்டி எலாஸ்டிக் போட்டது. தொடை உரசறவங்க, ஸ்கூட்டில போறவங்க காட்டன் சைக்கிளிங் ஷார்ட்ஸ் போட்டுக்கங்க, காத்துக்குப் பயந்து ஒரு கையால டிரெஸ்ஸைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால ஓட்டற வித்தையெல்லாம் வேணாம். லைனிங் தேவையான்னு சந்தேகமா இருந்தா வெயில் பின்னாடி அடிக்கற மாதிரி வாசப்படில நின்னு யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்க, ட்யூப்லைட் வெளிச்சத்துல தெரியாததெல்லாம் அதுல தெரியும்.

வெள்ளை ஷூ மஞ்சளாயிடுச்சு

எங்க மஞ்சள்னு முதல்ல பாருங்க, அதை வச்சுதான் வைத்தியம்.

துணி பாகம் துவைச்சதுக்கு அப்புறம் திட்டுத் திட்டா மஞ்சளாச்சுன்னா சோப்பு சரியா போகலைன்னு அர்த்தம். உப்புத் தண்ணி, போர் தண்ணில நுரை ஒழுங்கா அலசாது, இரும்பு கலந்த தண்ணின்னா அது வேற பழுப்பு ஏத்தும், இது ரெண்டும் உள்ளயே தங்கி வெயில்ல காயறப்போ மேல வந்து கறையா நிக்கும். திரும்ப அலசுங்க, கடைசி அலசலுக்கு கேன் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ அரை பக்கெட் எடுத்து அதுல ரெண்டு ஸ்பூன் வெள்ளை வினிகர் விடுங்க, சோப்போட காரத்தை அது முறிச்சிடும். ஈரமா இருக்கறப்பவே ஷூ பூரா வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒட்ட வச்சு சுத்தி, நிழல்ல, ஃபேன் காத்துல காய விடுங்க. தண்ணி அந்த டிஷ்யூ வழியாத்தான் வெளிய போகும், அழுக்கும் கூடவே வந்து பேப்பர்ல தங்கிடும். காஞ்சதும் உரிச்சு எடுத்தா பேப்பர் மஞ்சளா இருக்கும் பாருங்க, அவ்ளோ திருப்தி. பிரிண்ட் போட்ட நாப்கின் வேணாம், சாயம் ஒட்டும்.

பிளீச் ஊத்தாதீங்க. வெள்ளைன்னாலே பிளீச்னு நினைக்கறோம், ஆனா ஷூல இருக்கற சிந்தெடிக் நூலும் பசையும் அதுலயே மஞ்சளாகும், அதுக்கப்புறம் திரும்பி வராது. பிளீச்சோட வினிகரைக் கலக்கறது இன்னும் ஆபத்து, குளோரின் வாயு வரும், பாத்ரூமைப் பூட்டிக்கிட்டு பண்ணா மூச்சு முட்டும்.

லேஸைத் தனியா கழட்டித் துவைச்சிட்டு ஒரு மக் தண்ணில ரெண்டே சொட்டு சொட்டு நீலம் விட்டு, நல்லா கலக்கின அப்புறம் லேஸை உள்ள போட்டு உடனே எடுத்துப் பிழிஞ்சிடுங்க. நீலத்தை நேரா லேஸ் மேல விட்டா புள்ளி புள்ளியா நிக்கும். ரப்பர் ஓரத்துல கருப்புக் கோடுன்னா பென்சில் ரப்பர், அழுக்குன்னா ஜெல் இல்லாத வெள்ளை டூத்பேஸ்ட்டும் பழைய பிரஷ்ஷும். ரப்பரே உள்ளுக்குள்ள மஞ்சளாச்சுன்னா அது வெயிலும் காத்தும் பட்டு வர்ற மாற்றம், தேய்ச்சாப் போகாது, வாசல்ல வெயில் அடிக்கற ஸ்டாண்டுல வைக்கறதை நிறுத்தினா வேகமாவாவது ஆகாது. லெதர் ஷூன்னா தண்ணில முக்கவே கூடாது, ஈரத்துணியில ஒரு சொட்டு ஷாம்பு, துடை, அவ்ளோதான்.

சாம்பார் கொட்டிடுச்சா? துணி ஷூவுல சோப்பு போட்டதும் மஞ்சள் கறை செக்கச் செவேல்னு ஆகும், பயப்படாதீங்க, மஞ்சளுக்குக் காரம் பட்டா அப்படித்தான் நிறம் மாறும். நல்லா அலசிட்டு அந்த இடத்தை மட்டும் கொஞ்ச நேரம் வெயில்ல காட்டுங்க, மஞ்சள் சாயம் வெயிலுக்குத் தாங்காது, தானா வெளுக்கும். வெயில் வேணாம்னு மேல சொன்னதுக்கு இது ஒண்ணுதான் விதிவிலக்கு.

மஞ்சள் இல்லாம நீலமா, சிவப்பா ஓரத்துல ஏறியிருந்தா அது டிரெஸ் சாயம். புது இண்டிகோ, அஜ்ரக், கலம்காரி எதுவானாலும் முதல்ல வெள்ளைக் கர்ச்சீஃப்பை நனைச்சு டிரெஸ்ல அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. சாயம் வந்தா அது நிக்கற வரைக்கும் தனியா அலசிட்டு அப்புறம் ஸ்னீக்கரோட சேருங்க.

போற இடமெல்லாம் கழட்ட வேண்டியிருக்கு

வெளிநாட்டு ஸ்டைலிங் டிப்ஸ் எதுலயும் இது வராது. கோயில், யார் வீடு, டெய்லர் கடை, சில கிளினிக்குன்னு ஒரே நாள்ல எத்தனை வாட்டி கழட்டி மாட்டறது. டிரெஸ் போட்டுக்கிட்டு வாசல்ல குனிஞ்சு லேஸ் அவுக்கறதும் கஷ்டம், அவசரத்துல பின்பக்கத்தை மிதிச்சு செருப்பு மாதிரி மாட்டிக்கிட்டுப் போனா ரெண்டு மாசத்துல குதிகால் பகுதி மடங்கி உடைஞ்சு போகும், அதை எந்த காப்ளரும் பழைய மாதிரி நிமித்த முடியாது. எலாஸ்டிக் லேஸ் வாங்கி மாட்டிடுங்க, வெளிய பார்க்க சாதா லேஸ்தான், உள்ள இழுபடும், காலை நுழைச்சா முடிஞ்சது. கால் உள்ள போக அடம் பிடிச்சா ஆட்காட்டி விரலைப் பின்னாடி விட்டு வழி பண்ணுங்க, மிதிக்காதீங்க. கழட்டினா சாக்ஸ் தெரியும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கங்க, கட்டைவிரல் ஓட்டையோட மாமியார் வீட்டு ஹால்ல உக்கார்றது உங்க இஷ்டம். கோயிலுக்குப் போற நாள்னு தெரிஞ்சா ஸ்னீக்கரே வேணாம்னுதான் சொல்வேன், சுடு தரைக்கு பயந்து சாக்ஸோட நடந்தா அந்த சாக்ஸ் அப்புறம் ஷூக்குள்ள போகற நிலைமைல இருக்காது.

மேக்ஸி போட்டா ஷூவே தெரியலை, தடுக்குது

ஹீல்ஸுக்கு அளந்து தைச்ச மேக்ஸி ஸ்னீக்கரோட போட்டா தரையைப் பெருக்கும். ஷூ போட்டுக்கிட்டு நேரா நின்னு ஷூவோட முன்பக்கம் முழுசாத் தெரியற அளவுக்குத் தூக்கித் தைங்க. படியேறிப் பார்த்துட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்க. சைடு ஸ்லிட் இருந்தா இன்னும் நல்லது, நடக்கறப்போ வெள்ளை தெரிஞ்சு மறையும்.

எல்லாம் பண்ணியாச்சு, இன்னும் செட் ஆகலை

சில டிரெஸ் ஸ்னீக்கரை ஏத்துக்காது. வழவழன்னு உடம்போட விழற சாட்டின் ஸ்லிப் டிரெஸ்ஸை மாடலிங் பண்றவங்க போட்டு நடந்து காட்டுவாங்க, நமக்கு அது ஆபீஸ் போற வழில செருப்பு அறுந்து போய் அவசரத்துக்கு மாட்டினதாத்தான் தெரியும். ஜரிகை அதிகமா இருக்கற டிரெஸ், கல்லு வச்சது, சீக்வின்ஸ் இதுக்கெல்லாம் மல்லுக்கட்ட வேணாம். ஒரு கோலாப்பூரி இல்ல பிளாக் ஹீல் போட்டுட்டுக் கிளம்புங்க.